நம்பிக்கை வந்த கதை, போன கதை: கேட்டுப் பதிவு செய்வது எப்படி?

ஒருவர் கடவுளை நம்பத் தொடங்கியதையோ, இருந்த நம்பிக்கையைக் கைவிட்டதையோ அவர் வாயாலேயே சொல்லக் கேட்டுப் பதிவு செய்ய விரும்புபவர்களுக்கான வழிமுறை இது. குடும்ப வரலாறு எழுதுபவர், ஆய்வு மாணவர், இதழாளர் யாராக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: “ஏன் மாறினீர்கள்?” என்று கேட்டால் இன்றைய காரணம் கிடைக்கும். அன்று நடந்தது தெரிய வேண்டுமானால் எப்போது, எங்கே, யாரோடு, என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு வருவதும் பொய் அல்ல. அது மாற்றத்துக்குப் பிறகு, மாறிய மனிதர் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து அமைத்துக்கொண்ட விளக்கம். அந்த விளக்கமும் வேண்டும், நடந்தவற்றின் வரிசையும் வேண்டும். இரண்டையும் தனித்தனியாக வாங்கி, ஒன்றோடொன்று கலக்காமல் வைத்திருப்பதில்தான் வேலையின் பெரும்பகுதி இருக்கிறது.

இதற்கு வரலாற்றில் நல்ல எடுத்துக்காட்டு அசோகர். கலிங்கப் போரின் பிணக்குவியலைப் பார்த்தார், அன்றே பௌத்தரானார் என்பது நாம் பள்ளியில் கேட்ட கதை. அவருடைய 13ஆம் பெரும் பாறைக் கல்வெட்டு கலிங்கப் போரையும் அதனால் வந்த வருத்தத்தையும் சொல்வது உண்மை. ஆனால் முதலாம் சிறு பாறைக் கல்வெட்டில் அவர் தன்னைப் பற்றிச் சொல்வது வேறு வேகத்தில் இருக்கிறது: உபாசகனாகி, அதாவது துறவியாகாமல் பௌத்தத்தைப் பின்பற்றுபவனாகி, இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, முதல் ஓராண்டு பெரிதாக முனைப்புக் காட்டவில்லை, பிக்குகளின் சங்கத்தை அணுகிய பிறகு ஓராண்டுக்கு மேலாக மிகுந்த முனைப்போடு இருக்கிறேன் என்கிறார். பெயரளவில் சேர்ந்தது ஒரு நாள், உள்ளே இறங்கியது இன்னொரு நாள். கிறிஸ்தவ இறையியலாளர் புனித அகஸ்டீன் கதையும் இப்படித்தான். மிலான் நகரத் தோட்டத்தில் குழந்தைக் குரல் கேட்டு அவர் மனம் மாறிய காட்சி 386ஆம் ஆண்டுக்கு உரியது. அதை அவர் எழுதியது பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்து, ஆயராக (பிஷப்பாக) ஆன பிறகு. மாறிய கையோடு அவர் எழுதிய உரையாடல் நூல்களில் அந்தத் தோட்டக் காட்சி இல்லை. உங்கள் முன்னால் உட்கார்ந்து பேசப்போகிறவரின் நினைவும் இதே வழியில்தான் வேலை செய்யும்.

தொடங்கும் முன்: ஆபத்தும் ஒப்புதலும்

மத மாற்றத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்குப் பொழுதுபோக்கு, சிலருக்கு உயிர் விஷயம். சில நாடுகளில் மதத்தைத் துறப்பது மரண தண்டனைக்குரிய குற்றம். சட்டம் தொடாத இடத்திலும் சொத்துப் பங்கு, திருமண உறவு, பிள்ளைகளைப் பார்க்கும் உரிமை, வேலை ஆகியவை போகலாம். குருவாகவோ போதகராகவோ இருந்துகொண்டே நம்பிக்கையை இழந்தவருக்கு வீடும் வருமானமும் சேர்ந்தே போகும். அப்படிப்பட்டவர்கள் உண்டு. தத்துவ அறிஞர் டேனியல் டெனட்டும் ஆய்வாளர் லிண்டா லாஸ்கோலாவும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, நம்பிக்கை இழந்தும் பதவியில் தொடர்ந்த போதகர்களைப் பற்றியதுதான்.

அதனால் ஒப்புதலை மூன்று முறை வாங்குங்கள். பதிவுக்கு முன் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை, எழுத்துப்படியை அவர் படித்த பிறகு ஒரு முறை. முதல் ஒப்புதல் மட்டும் போதாது. என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே அப்போது தெரியாது. எந்தக் கேள்வியையும் தாண்டலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், குறிப்பிட்ட ஒரு தேதிவரை முழுப் பதிவையும் திரும்பப் பெறலாம் என்ற மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தத் தேதியைத் தாளில் எழுதிக் கொடுங்கள். குழந்தைக்குத் தீங்கு நடப்பதாகத் தெரிந்தால் சட்டப்படி நீங்கள் சொல்லியாக வேண்டிய நிலை இருக்கலாம். அந்த எல்லையையும் முன்பே சொல்லிவிட வேண்டும். பாதிப் பேச்சில் சொன்னால் அது நம்பிக்கைத் துரோகம்.

பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒரு சிறு ஊரில், ஒரு குறிப்பிட்ட ஆண்டில் மாறியவர் அவர் ஒருவர்தான் என்றால் ஆண்டும் தொழிலுமே அவரைக் காட்டிக்கொடுக்கும். ஆண்டைப் பத்தாண்டு வரம்பாகவும், தொழிலைப் பொதுப் பெயராகவும், உடன்பிறந்தோர் எண்ணிக்கையைச் சொல்லாமலும் எழுதுவது பாதுகாப்பு. உண்மைப் பெயரையும் புனைபெயரையும் இணைக்கும் பட்டியல் வேறு கருவியில், கடவுச்சொல்லோடு, ஒலிக்கோப்புகளிலிருந்து தள்ளி இருக்கட்டும். பதிவே வேண்டாம் என்று சொல்பவரிடம் குறிப்பு மட்டும் எடுங்கள். வற்புறுத்திப் பெற்ற பதிவில் அவர் பாதியை விழுங்கிவிடுவார், உங்களுக்கும் பயன் இருக்காது.

பேசுவதற்குப் பணம் கொடுக்காதீர்கள். பயணச் செலவு கொடுக்கலாம். பணம் வந்தால் கதை கேட்பவரின் விருப்பத்துக்கு ஏற்ப வளையும். ஆசை காட்டி மதம் மாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டு ஏற்கெனவே சூழ்ந்த இடத்தில் அவருக்கும் உங்களுக்கும் அது வம்பாகவும் முடியும்.

இடம், நேரம், கருவி

வழிபாட்டு இடத்திலோ, அமைப்பின் அலுவலகத்திலோ, பகுத்தறிவு மன்றத்தின் கூடத்திலோ உட்கார்ந்து கேட்காதீர்கள். சுவரில் என்ன தொங்குகிறதோ அதற்கேற்பப் பேச்சு மாறும். வீட்டில் என்றால் மற்றவர்கள் இல்லாத நேரம் பாருங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் சொல்வதே இருவர் கதையும் ஆகிவிடும். மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் அதே சமூகத்தைச் சேர்ந்தவரைத் தவிர்க்க வேண்டும்.

இரண்டு அமர்வுகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் அதிகம் போனால் 90 நிமிடம், நடுவே ஒரு வார இடைவெளி. இந்த இடைவெளி முக்கியம். முதல் அமர்வு முடிந்து வீட்டுக்குப் போனவருக்கு அந்த வாரம் முழுவதும் பழையவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். “அன்று சொன்னது சரியில்லை, அதற்கு முன்பே ஒன்று நடந்தது” என்று இரண்டாம் அமர்வில் வரும் திருத்தம்தான் பல பதிவுகளில் மிக மதிப்புள்ள வரி.

கருவியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. சுருக்கப்படாத வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதியுங்கள். ஒரே மைக் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 520 மெகாபைட் இடம் பிடிக்கும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் தொலைவில் இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். பேட்டி முடிந்த அன்றே மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு கட்டடத்தில். ஒரு மணி நேர ஒலியை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

முதல் அமர்வு: பேச விடுங்கள்

முதல் கேள்வி அகலமாக இருக்க வேண்டும். “நீங்கள் பிறந்த வீட்டில் தொடங்கி, கடவுள் விஷயத்தில் உங்களுக்கு என்னென்ன நடந்தது என்று உங்கள் போக்கில் சொல்லுங்கள். நான் குறுக்கிட மாட்டேன்.” அவ்வளவுதான். பிறகு வாயைத் திறக்காதீர்கள். பெரும்பாலும் பத்து முதல் நாற்பது நிமிடம் வரை ஒரே மூச்சில் வரும். அவர் நிறுத்தினால் மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். ஏழாவது எட்டாவது நொடியில் அவரே தொடர்வது வழக்கம். “ஓகோ”, “கடவுளே”, “நல்ல முடிவு” போன்ற சொற்கள் எதையும் சொல்லக் கூடாது. தலையசைப்புக்கூட எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பலமாகத் தலையாட்டினால் அந்தத் திசையிலேயே கதை நீளும்.

உங்கள் நம்பிக்கை என்னவென்று கட்டாயம் கேட்பார்கள். மறைத்தால் ஐயம் வரும், விரித்தால் விவாதம் வரும். “இரண்டாம் அமர்வு முடிந்ததும் எதைக் கேட்டாலும் சொல்கிறேன். இப்போது சொன்னால் அதற்கேற்ப நீங்கள் பேச வேண்டியிருக்கும்” என்று சொல்லிப் பாருங்கள், ஏற்றுக்கொள்வார்கள். சொன்னபடி பிறகு மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இந்த முதல் கதை ஓர் அச்சில் வார்த்தது போல இருந்தால் வியப்படையத் தேவையில்லை. சபைகளில் சாட்சி சொல்லிப் பழகியவரின் கதை பெரும்பாலும் இருள், முறிவு, ஒளி என்ற வரிசையில் வரும். மதத்தை விட்டவர்களின் கூட்டங்களில் பேசிப் பழகியவருக்கும் ஒரு வரிசை உண்டு: சிறுவயதுக் கேள்வி, அதட்டல், ஒரு புத்தகம், விடுதலை. ஜேம்ஸ் பெக்ஃபோர்ட் என்ற சமூகவியலாளர் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைப் பற்றி 1978இல் எழுதிய கட்டுரையில், மனமாற்றக் கதை எப்படி அமைய வேண்டும் என்பதை அமைப்பின் கருத்துகளே வடிவமைக்கின்றன என்று காட்டினார். அந்த வடிவத்தை உடைக்க முயலாதீர்கள். அது அவருக்குச் சொந்தம், அவரைத் தாங்கிப் பிடித்திருப்பதும் அதுவாக இருக்கலாம். முழுதாகக் கேட்டு, நன்றி சொல்லி, வைத்துக்கொள்ளுங்கள். வரிசையைக் கட்டுவது அடுத்த அமர்வின் வேலை.

இரண்டாம் அமர்வு: காலக்கோடு

இங்கேதான் உழைப்பைக் கொட்ட வேண்டும். பெரிய வரைதாள் ஒன்றை மேசையில் விரியுங்கள். இடமிருந்து வலமாக ஆண்டுகள். மேலிருந்து கீழாக ஏழு வரிசை: குடியிருந்த வீடு, படிப்பு அல்லது வேலை, நெருக்கமானவர்கள், செய்த வழிபாடு, மனத்தில் நம்பியது, சேர்ந்திருந்த கூட்டம், வெளியே சொல்லிக்கொண்ட அடையாளம்.

முதல் மூன்று வரிசைகளை முழுதாக நிரப்பாமல் நான்காவதைத் தொடாதீர்கள். மனிதர்களுக்கு ஆண்டு நினைவிருக்காது, வீடும் வேலையும் நினைவிருக்கும். “அந்த மாடி வீட்டில் இருந்தபோதா, அதற்குப் பிறகா?” என்றால் உடனே பதில் வரும். “1998ஆ, 2001ஆ?” என்றால் ஊகம்தான் வரும். மனத்தில் அழுத்தமாகப் பதிந்த நிகழ்ச்சியை இன்றைக்கு மிக அருகில் நடந்ததாக நினைப்பதும் பொதுவான பிழை. வீடு, வேலை, பிறப்பு, இறப்பு ஆகியவற்றோடு கட்டி வைத்தால் அந்தப் பிழை குறையும். நினைவை நம்புவதோடு நிற்காமல் தேதியிட்ட சான்றுகளையும் எடுத்து வரச் சொல்லுங்கள்: நாட்குறிப்பு, கடிதம், ஞானஸ்நானச் சான்று, நன்கொடை ரசீது, நிழற்படம், பழைய கைப்பேசிச் செய்தி. நெற்றியில் எதுவும் இல்லாமல் எடுத்த முதல் படம் எந்த ஆண்டு என்பதைப் படம் சொல்லிவிடும்.

பிறகு கீழ் நான்கு வரிசைகள். வழிபாடு, நம்பிக்கை, சேர்க்கை, அடையாளம் ஆகிய நான்கையும் ஒன்றாகக் கருதுவதுதான் இத்துறையில் புதிதாக வருபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. நான்கும் சேர்ந்து வருவதும் இல்லை, சேர்ந்து போவதும் இல்லை. பிரிட்டனைப் பற்றி எழுதிய சமூகவியலாளர் கிரேஸ் டேவி, கூட்டத்தில் சேராமலே நம்புகிறவர்களைத் தனியே சுட்டிக்காட்டினார். எதிர்த் திசையில், நம்பிக்கை போய் ஆண்டுகள் ஆகியும் கூட்டத்தில் பாடிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு வரிசைக்கும் தனி நிறப் பேனா வைத்துக்கொண்டு, தொடங்கிய இடத்தில் ஒரு புள்ளி, தளர்ந்த இடத்தில் விட்டு விட்டுக் கோடு, நின்ற இடத்தில் குறுக்குக் கோடு போடுங்கள். அரை மணி நேரத்தில் நான்கு கோடுகளும் வெவ்வேறு இடங்களில் முறிந்திருப்பது அவர் கண்ணுக்கே தெரியும். “அடடா, நான் நிறுத்தியது அதற்கு இரண்டு வருஷம் முன்பே” என்பது அப்போது வரும்.

வழிபாட்டு வரிசையை நிரப்பும்போது “வழக்கமாகப் போவீர்களா?” என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஆம் என்பார்கள். கிர்க் ஹாடவே, பென்னி மார்லர், மார்க் சாவ்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வுக்காக அமெரிக்கத் தேவாலயங்களில் தலை எண்ணிப் பார்த்தபோது, வாராவாரம் போவதாகக் கருத்துக்கணிப்பில் சொன்னவர்களில் ஏறத்தாழப் பாதி அளவுக்கே உண்மை வருகை இருந்தது. அவர்கள் ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. “போகிற ஆள் நான்” என்பதைத்தான் பதிலாகச் சொன்னார்கள். அதனால் குறிப்பிட்ட ஒரு முறையைக் கேளுங்கள்: கடைசியாகப் போனது என்று? யாரோடு? போகும் வழியில் என்ன பேசினீர்கள்? அதற்கு முந்தைய முறை எப்போது?

பயன் தரும் கேள்விகள் சிலவற்றைச் சொற்களோடு தருகிறோம். செய்யாமல் விட்ட முதல் காரியம் எது? அன்று ஏதாவது நடக்கும் என்று பயந்தீர்களா? தனியாக, யாரும் பார்க்காதபோது கடைசியாக வேண்டியது எப்போது? உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தபோது வாயில் எந்தப் பெயர் வந்தது? இந்த மாற்றத்தை முதலில் யாரிடம் சொன்னீர்கள்? யாரிடம் இன்றுவரை சொல்லவில்லை? புதிய இடத்தில் முதல் நாள் உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது யார்? அவரை எப்படித் தெரியும்?

கடைசி இரண்டையும் ஒருபோதும் விடாதீர்கள். சமூகவியலாளர்கள் ஜான் லோஃப்லண்டும் ராட்னி ஸ்டார்க்கும் 1965இல், கலிபோர்னியாவில் அப்போது மிகச் சிறியதாக இருந்த ஒரு புதிய மதக் குழுவைக் கவனித்து எழுதிய கட்டுரையிலிருந்து இன்றுவரை திரும்பத் திரும்பத் தெரியவந்தது ஒன்று உண்டு. கொள்கையில் ஈர்க்கப்பட்டுச் சேர்ந்ததாகச் சொல்பவர்களில் பலர், உள்ளே ஏற்கெனவே இருந்த ஒருவரோடு நெருக்கமான பிறகுதான் கொள்கையை ஏற்றிருக்கிறார்கள். முதலில் மனிதர், பிறகு போதனை. கதையில் இந்த வரிசை தலைகீழாக வரும். காலக்கோட்டில் நெருக்கமானவர்களைக் காட்டும் மூன்றாவது வரிசையும் நம்பியதைக் காட்டும் ஐந்தாவது வரிசையும் ஒரே தாளில் நிற்பதால், எது முந்தியது என்பது விவாதம் இல்லாமல் தெரிந்துவிடும்.

பிறந்த வீட்டு நம்பிக்கையைக் கேட்கும்போது, பெரியவர்கள் என்ன போதித்தார்கள் என்பதோடு நிற்காதீர்கள். எதைச் செய்தார்கள், அதற்காக எதை இழந்தார்கள் என்று கேளுங்கள். நோன்பிருந்து வேலைக்குப் போனாரா? கையிருப்பைக் கொடுத்தாரா? உறவை முறித்துக்கொண்டாரா? பெரியவர்கள் தம் நம்பிக்கைக்காக விலை கொடுப்பதைக் கண்ணால் பார்த்த குழந்தையிடம் அது ஆழமாக இறங்குகிறது, வாயால் சொன்னது மட்டும் அப்படி இறங்குவதில்லை என்ற கருத்தை மானுடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் 2009இல் முன்வைத்தார். நம்பிக்கை போன கதைகளிலும் இது உதவும். “எல்லாம் சொன்னார்கள், யாரும் செய்யவில்லை” என்ற வரி வந்தால் அங்கே நின்று விரிவாகக் கேட்க வேண்டும்.

விட்டவர்களிடம் தனியாகக் கவனிக்க வேண்டியவை

விட்டுப் போவது ஒரே வகையானது அல்ல. சமய ஆய்வாளர் ஜான் பார்பர் 1994இல் நான்கு கூறுகளைப் பிரித்துக் காட்டினார்: போதனையின் உண்மை மீது ஐயம், அமைப்பின் ஒழுக்கத்தின் மீது கண்டனம், மன வேதனை, கூட்டத்திலிருந்து விலகல். உங்கள் பதிவில் இந்த நான்கில் எவை இருக்கின்றன, எது முதலில் வந்தது என்று பாருங்கள். பொதுவாக எல்லாரும் வாயால் சொல்வது முதலாவது கூறைத்தான். அறிவால் விட்டேன் என்பது கௌரவமான காரணம். அவமானப்பட்டேன், துக்கத்தில் யாரும் வரவில்லை என்பது சொல்லக் கூசும் காரணம். இரண்டையும் கேட்க இடம் கொடுங்கள். ஒன்றைப் பொய் என்றும் மற்றதை உண்மை என்றும் தீர்ப்பெழுதுவது நம் வேலை இல்லை. ஐயமும் வேதனையும் ஒரே ஆண்டில் ஒன்றையொன்று வளர்த்திருக்கும்.

பெரிய உடைப்பு எதுவும் இல்லாமல் மெல்ல விலகியவர்களே பலர். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2009இல் வெளியிட்ட அறிக்கையில், கத்தோலிக்கராக வளர்ந்து இப்போது எந்தச் சமயத்தையும் சாராதவர்களில் 71 விழுக்காட்டினர், கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போனதாகச் சொன்னார்கள். இப்படிப்பட்டவரிடம் “திருப்புமுனை எது?” என்று கேட்டால், உங்களுக்காக ஒன்றை உண்டாக்கித் தருவார். கேட்காதீர்கள். அவருடைய காலக்கோட்டில் வீடு மாறிய இடங்களையும் வேலை நேரம் மாறிய இடங்களையும் பாருங்கள். வழிபாடு பெரும்பாலும் அங்கேதான் அறுந்திருக்கும், யாரும் முடிவெடுக்காமலே. அதே அறிக்கையின்படி பிறந்த மதத்தை விட்டவர்களில் பெரும்பாலோர் 24 வயதுக்கு முன்பே விட்டிருக்கிறார்கள். ஆகவே 16 முதல் 24 வரையிலான ஆண்டுகளுக்குத் தாளில் இரு மடங்கு அகலம் விடுங்கள்.

முன்னாள் கன்னியாஸ்திரியும் சமூகவியலாளருமான ஹெலன் ரோஸ் ஈபா 1988இல் சொன்ன வரிசையும் நல்ல துணை: முதல் ஐயம், மாற்று வழி தேடல், திருப்பம், “முன்னாள்” என்ற புதிய நிலையில் வாழப் பழகுதல். நான்காவது கட்டத்தைப் பற்றிக் கேட்பவர் குறைவு, சொல்வதற்கோ நிறைய இருக்கும். இறுதிச் சடங்கில் என்ன செய்கிறீர்கள்? பிள்ளைகளுக்கு எப்படிப் பெயர் வைத்தீர்கள்? பயம் வந்தால் இப்போது என்ன செய்கிறீர்கள்? பழைய பாட்டு காதில் விழுந்தால்? இந்தக் கேள்விகளுக்கு அழுகை வரலாம். பதிவை நிறுத்தட்டுமா என்று கேளுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அமர்வை அழுகையோடு முடிக்கவும் கூடாது. கடைசிப் பத்து நிமிடம் இன்றைய வாழ்க்கை, வேலை, குழந்தைகள் என்று நிகழ்காலத்துக்கு அழைத்து வந்து முடிக்க வேண்டும்.

திரும்பி வந்தவர்களை மறக்காதீர்கள். விட்டு, இருபது ஆண்டு கழித்து ஒரு மரணத்துக்குப் பிறகு திரும்பியவர், இரண்டு இடத்திலும் ஒரு கால் வைத்திருப்பவர், வெளியே ஒன்று உள்ளே ஒன்றாக வாழ்பவர் எல்லாரும் காலக்கோட்டில் அடங்குவார்கள். “நம்புகிறவர், நம்பாதவர்” என்ற இரண்டு பெட்டி போட்ட படிவத்தில் அடங்க மாட்டார்கள்.

அற்புதம் என்று சொன்னால்

நோய் தீர்ந்தது, குரல் கேட்டது, கனவில் வந்தார் என்று சொல்லும்போது கேட்பவரின் முகம்தான் முதல் சோதனை. நம்புவதும் நம்பாததும் அந்த மணி நேரத்தில் உங்கள் வேலை இல்லை. வரிசையைக் கேளுங்கள்: எத்தனை மணி, எந்த அறை, என்ன வெளிச்சம், முதலில் என்ன உணர்ந்தீர்கள், அடுத்த நாள் என்ன செய்தீர்கள், யாரிடம் முதலில் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார், அதை அற்புதம் என்று முதன்முதலில் சொன்னது நீங்களா அவரா? இந்தக் கடைசிக் கேள்வி பல முறை கதவைத் திறக்கும். அனுபவம் ஒருவருக்கு நேர்ந்திருக்கும், அதற்குப் பெயர் வைத்தது வேறொருவராக இருக்கும். பெயர் வைக்கப்பட்ட நாள்தான் மாற்றத்தின் நாளாகக் கதையில் நிற்கும்.

குடும்பத்தாரிடமும் கேட்பதென்றால்

சொல்பவர் அனுமதித்தால் மட்டும், தனியாக, அவர் சொன்ன எதையும் வெளியிடாமல் கேளுங்கள். தாயோ தமக்கையோ சொல்லும் கதையில் தேதிகள் துல்லியமாக இருக்கும், காரணங்கள் அவர்களுடையதாக இருக்கும். அப்பர் வரலாற்றில் இந்த இரண்டு குரல்களும் பிரிந்து நிற்பதைப் பார்க்கலாம். சமணத்தில் இருந்ததையும் வயிற்று வலியில் துடித்ததையும் அவரே பாடுகிறார். தமக்கை திலகவதியார் தம்பிக்காக ஏங்கியதும், திருநீறு தந்து அழைத்துச் சென்றதுமான முழு நாடகம் விரிந்த வடிவில் நமக்குக் கிடைப்பது, ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு கழித்துச் சேக்கிழார் எழுதியதில். தன் வாய்ச்சொல், உடனிருந்தவர் சொல், பின்னால் வந்த சமூகம் சொல்வது ஆகிய மூன்றையும் உங்கள் கோப்பிலும் மூன்று தனி அடைவுகளில் வையுங்கள். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் திருத்தாதீர்கள்.

எழுத்தாக்கி அடுக்குவது

எழுத்துப்படியில் மூன்று அடையாளம் போடுங்கள். நடந்ததைச் சொல்லும் வரி, அன்று நினைத்ததைச் சொல்லும் வரி, இன்று நினைப்பதைச் சொல்லும் வரி. “அன்று அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்” என்பது இரண்டாவது. “இப்போது பார்த்தால் அது ஒரு அழைப்பு” என்பது மூன்றாவது. மங்கலான வரிகளுக்குக் கேள்விக்குறி போட்டு, பிரதியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவரிடமே கேளுங்கள். பதிவுகள் பல இருந்தால் ஐந்தில் ஒரு பங்கை இன்னொருவர் உங்கள் அடையாளங்களைப் பார்க்காமல் குறித்துத் தரட்டும். இருவரும் வேறுபடும் இடங்கள் பெரும்பாலும் மூன்றாம் வகையை முதலாம் வகையாக ஒருவர் எண்ணிவிட்ட இடங்களாகவே இருக்கும்.

எத்தனை பேர் போதும் என்ற கேள்விக்கு, ஒரே சமூகம், ஒரே திசை மாற்றம் என்றால் 12 முதல் 15 பேரில் புதிய கூறுகள் வருவது குறையத் தொடங்கும். சேர்ந்தவர், விட்டவர், திரும்பியவர் என்று பிரித்தால் ஒவ்வொரு பிரிவுக்கும் அந்த எண்ணிக்கை வேண்டும். அமைப்பே தேர்ந்தெடுத்து அனுப்பும் ஆட்களை மட்டும் கேட்டு முடித்துவிடாதீர்கள். சபை அனுப்புபவர் நன்றாகச் சாட்சி சொல்பவராக இருப்பார். விட்டவர்களின் சங்கம் அனுப்புபவர் கோபம் ஆறாதவராக இருப்பார். அமைதியாகச் சேர்ந்தவரும் அமைதியாக விலகியவரும் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். பேசியவர் ஒவ்வொருவரிடமும் “இப்படி மாறி, அதைப் பற்றிப் பேசாத யாராவது உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டுத்தான் அவர்களை அடைய முடியும்.

அவர் தன்னை எந்தச் சொல்லால் அழைக்கிறாரோ அதையே எழுதுங்கள். “மதம் மாறினேன்” என்று சொல்லாமல் “திரும்பி வந்தேன்” என்பவரைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல்தான் நிற்க வேண்டும். “நாத்திகன்” என்ற சொல்லை ஏற்காமல் “எனக்கு அது தேவைப்படவில்லை” என்று மட்டும் சொல்பவரை நீங்கள் நாத்திகர் ஆக்கிவிடக் கூடாது.

முடித்த எழுத்துப்படியை அவரிடம் கொடுத்து இரண்டு வாரம் அவகாசம் தாருங்கள். அவர் நீக்கச் சொல்வதைக் காரணம் கேட்காமல் நீக்குங்கள், மூல ஒலியிலும் அந்தப் பகுதியை அழியுங்கள். அவர் சேர்க்க விரும்புவதை மூலத்துக்குள் நுழைக்காமல் தேதியிட்டுப் பின்னால் சேருங்கள். சில ஆண்டுகளில் அவர் மறுபடியும் மாறக்கூடும், அப்போது பழைய பதிவு பொதுவெளியில் நிற்பது அவருக்குத் தொல்லை. அதனால் ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஒப்புதலைப் புதுப்பிக்கும் வரி ஒன்று படிவத்தில் இருக்கட்டும். அவர் இறந்த பிறகு பதிவு யார் பொறுப்பில் போக வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பெயரை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள்.